ரொறன்ரோ வீட்டுத் தோட்டம்: செப்டெம்பரிலிருந்து ஜூன் வரை செய்ய வேண்டியவை

ஸ்காபரோ, மார்க்கம், அஜாக்ஸ், பிரம்ப்டன் பக்கம் ஓகஸ்ட் மாதத்தில் நம்மவர்களின் பின்வளவுகளைப் பார்த்தால் ஊர் போலவே இருக்கும். பந்தலில் பாகலும் புடலையும் தொங்கும், வேலியோரம் பயித்தங்காய் படர்ந்திருக்கும், கதவடியில் பூச்சாடியில் கறிவேப்பிலை தளதளவென்று நிற்கும். இந்தப் பகுதியில் உறைபனி இல்லாத காலம் ஏறக்குறைய மே நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் முற்பகுதி வரை, ஐந்து மாதங்கள்தான். மிச்ச ஏழு மாதங்களில் தோட்டத்தை எப்படி வைத்திருக்கிறோம் என்பதில்தான் அடுத்த ஓகஸ்ட் தங்கியிருக்கிறது.

நான் பார்த்தவரை, இங்கே குளிரில் சாகிற செடிகளைவிட, வீட்டுக்குள் கொண்டுவந்த பிறகு தண்ணீர் மிஞ்சிச் சாகிறவைதான் அதிகம். அதேபோல மார்ச்சில் அவசரப்பட்டு முளைக்கவைத்த நாற்றுகளும் மே தொடக்கத்தில் அவசரப்பட்டு வெளியே நட்டவையும் நிறைய வீணாகின்றன. குளிர்காலத் தோட்டவேலையில் பாதி, கையைக் கட்டிக்கொண்டிருப்பது. எப்போது கட்ட வேண்டும், எப்போது அவிழ்க்க வேண்டும் என்பதை மாதவாரியாகச் சொல்கிறேன்.

முதலில் செடிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

செப்டெம்பர் முதல் வாரத்தில் பின்வளவை ஒருமுறை சுற்றி வந்து, ஒவ்வொரு செடியும் குளிர்காலத்தை எங்கே கழிக்கப்போகிறது என்று முடிவு செய்யுங்கள்.

நிலத்திலேயே நின்று பிழைப்பவை ஒரு கூட்டம்: ரோஜா, திராட்சை, ஆப்பிள், புதினா, சைவ்ஸ், ரூபார்ப். ரொறன்ரோ நகரம் கனடாவின் தாவரக் குளிர்தாங்கு வலய வரைபடத்தில் 6 ஆம் வலயம், ஏரிக்கரையை ஒட்டிய பகுதிகள் 7. வடக்கே போகப் போக எண் குறையும், குளிர் கூடும். செடி வாங்கும்போது அட்டையில் உள்ள வலய எண் உங்கள் ஊரின் எண்ணோ அதைவிடக் குறைவாகவோ இருந்தால் அது நிலத்தில் பிழைக்கும்.

வீட்டுக்குள் தூங்க வேண்டியவை இரண்டாவது கூட்டம். சாடியில் வளர்க்கும் முருங்கையும் அத்தியும் இதில் சேரும். இலையைக் கொட்டிவிட்டு, குளிர்ச்சியான இருட்டு மூலையில் கிடக்கும்.

வீட்டுக்குள்ளும் விழித்தே இருப்பவை மூன்றாவது: கறிவேப்பிலை, மல்லிகை, செவ்வரத்தை, வல்லாரை, கற்பூரவள்ளி. இவற்றுக்கு வெளிச்சம் வேண்டும்.

தக்காளி, கத்தரி, வெண்டி, பாகல் எல்லாவற்றையும் உறைபனியோடு விட்டுவிடலாம். மிளகாய்க்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. அது பல ஆண்டு வாழக்கூடிய செடி. நன்றாகக் காய்த்த ஒரு கொச்சி மிளகாய்ச் செடி இருந்தால், ஒரு சாணுக்கு வெட்டி, சிறு சாடிக்கு மாற்றி உள்ளே வையுங்கள். அடுத்த ஆண்டு விதையில் வந்த நாற்றைவிடப் பல வாரங்கள் முந்திக் காய்க்கும்.

செப்டெம்பர்: உள்ளே கொண்டுவருவது

இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது மூன்றாவது கூட்டம் உள்ளே வந்துவிட வேண்டும். ரொறன்ரோவில் இது பெரும்பாலும் செப்டெம்பர் பிற்பகுதியில் வரும். "உறைபனி இன்னும் வரவில்லையே" என்று ஒக்டோபர் நடுப்பகுதிவரை விட்டால், கறிவேப்பிலை சாகாது, ஆனால் உள்ளே வந்த இரண்டு வாரத்தில் இலையெல்லாம் கொட்டிவிடும்.

கொண்டுவருவதற்கு ஒரு வாரம் முன்னரே முழு வெயிலில் நின்ற சாடியை நிழலுக்கு நகர்த்துங்கள். வீட்டின் வெளிச்சம் வெளியே இருந்ததில் ஒரு சிறு பங்குதான். திடீர் மாற்றத்தைச் செடி இலையுதிர்த்துத்தான் சமாளிக்கும்.

அடுத்தது பூச்சி. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சாடியைப் புல்லில் சாய்த்து வைத்து, ஹோஸ் குழாயால் இலையின் அடிப்பக்கத்தைப் பலமாகக் கழுவுங்கள். பிறகு கறிவேப்பிலையின் தண்டையும் இலைக்காம்பின் நடு நரம்பையும் கிட்டப் பிடித்துப் பாருங்கள். தண்டின் நிறத்திலேயே, எள்ளின் அளவில், மண்ணிறப் புடைப்புகள் ஒட்டியிருக்கும். பார்த்தால் தண்டின் மருப்போலத் தெரியும். நகத்தால் சுரண்டுங்கள்: உண்மையான மரு பெயராது, செதிற்பூச்சி என்றால் சட்டென்று கழன்று வந்து நகத்தில் ஈரம் பிசுபிசுக்கும். கீழ் இலைகளின் மேற்பரப்பு ஒட்டுகிறது என்றாலும் மேலே எங்கேயோ இந்தப் பூச்சி இருக்கிறது என்றுதான் அர்த்தம். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுங்கள். அலுப்பான வேலை, ஆனால் தெளிப்பான் மருந்தைவிட இதுதான் பலன் தரும், ஏனென்றால் வளர்ந்த பூச்சியின் ஓட்டுக்குள் மருந்து இறங்காது.

கடையில் பூச்சிக்கொல்லிச் சோப் என்று விற்பதையே வாங்குங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தில் இலையைச் சுடக்கூடிய சேர்க்கைகள் இருக்கும். ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் வீட்டுத் தோட்டங்களில் பல இரசாயனப் பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை இருக்கிறது. இந்தச் சோப்புக்குத் தடையில்லை. ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்து தரும் மருந்தைக் கையாலும் தொடாதீர்கள். வீட்டுக்குள், சமைக்கும் இலையில் அடிக்கப்போகிறீர்கள்.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் கழுவி, உள்ளே கொண்டுவந்ததும் இரண்டு வாரமாவது மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள். பெரிய சாடிக்கு மாற்றும் வேலையை இப்போது செய்யாதீர்கள். வளராத காலத்தில் வேர் எட்டாத மண் ஈரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும், வேர் அழுகும்.

கறிவேப்பிலை குளிர்காலத்தில்

டிசம்பர் கடைசியில் இங்கே பகல் ஒன்பது மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. வீட்டில் தெற்குப் பார்த்த ஜன்னல் எதுவோ அது கறிவேப்பிலைக்கு. அது இல்லாவிட்டால் எல்இடி வளர்ப்பு விளக்கு ஒன்றை ஒரு நாளைக்கு 12 முதல் 14 மணித்தியாலம் எரியும்படி டைமரில் போட்டுவிடுங்கள். சூடாக்கியின் காற்று வரும் துளைக்கு மேலே மட்டும் வைக்கவே வேண்டாம். ஜன்னலுக்குக் கீழே அந்தத் துளை இருக்கும் வீடுகள் நிறைய. அப்படியென்றால் துளையின் மேல் காற்றைத் திருப்பிவிடும் பிளாஸ்டிக் மூடியைப் போடுங்கள், சில டொலர்தான்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். கோடையில் தினமும் ஊற்றிய கை சும்மா இருக்காது. ஆனால் வெளிச்சம் குறைந்து, வளர்ச்சி நின்ற செடி தண்ணீரைக் குடிப்பதே இல்லை என்னும் அளவுக்குக் குறைவாகத்தான் குடிக்கும். நாட்கணக்கு வைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகு சாடியைத் தூக்கிப் பாருங்கள், அந்தப் பாரத்தைக் கை நினைவில் வைத்துக்கொள்ளும். சாடி தெளிவாக இலேசாகிவிட்டது, விரலை இரண்டு கணு ஆழம் விட்டால் மண் ஒட்டவில்லை என்றால் அப்போது ஊற்றுங்கள். அடியில் வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். இடைவெளி பத்து நாளாகவும் இருக்கலாம், மூன்று வாரமாகவும் இருக்கலாம். குழாய்த் தண்ணீர் குளிர்காலத்தில் ஐஸ்போல வரும், வாளியில் பிடித்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகு ஊற்றுங்கள்.

இலை கொட்டினால் பயப்படாதீர்கள், பயந்துபோய்த் தண்ணீரும் பசளையும் போடாதீர்கள். செடி இருக்கிறதா இல்லையா என்று அறிய, தண்டின் தோலை நகத்தால் இலேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. மொட்டையாக நிற்கும் செடிக்குத் தண்ணீர் இன்னும் குறைவாகத்தான் வேண்டும். மார்ச்சில் கணுவிலிருந்து சிவப்பான சிறு கொழுந்து வரும். மேல்பகுதி செத்துப்போனாலும் அடியிலிருந்து கன்று வெடிக்கும் குணம் கறிவேப்பிலைக்கு உண்டு, ஆகவே மே மாதம்வரை சாடியைக் கொட்டிவிடாதீர்கள்.

புது இலை மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. ஒன்ராறியோ ஏரித் தண்ணீர் சற்றுக் கடினமானது, காரத்தன்மை உள்ளது. அதை ஊற்றிக்கொண்டே இருந்தால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகும். புளித்த மோர் ஊற்றுகிற நம் வழக்கத்தைப் பலர் இதற்குக் கையாள்வார்கள். வெளியே, கோடையில் செய்யுங்கள். வீட்டுக்குள் மோர் ஊற்றினால் மணமும் வரும், சாடி மண்ணைச் சுற்றும் சிறு கறுப்புப் பூச்சியும் வரும். குளிர்காலத்தில் உருகின பனித்தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், உப்புப் படாத இடத்துப் பனியாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் கீலேற் வடிவ இரும்பை (காரமான மண்ணிலும் வேர் எடுக்கக்கூடியதாகச் செய்த இரும்புச்சத்து) மார்ச்சில் வளர்ச்சி தொடங்கியதும் கொடுக்கலாம்.

சூடாக்கி ஓடும் வீட்டின் காற்று மிகவும் வறண்டிருக்கும். செஞ்சிலந்திக்கு அதுதான் பிடிக்கும். இலையில் ஊசியால் குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகள் தெரிந்தால், ஒரு வெள்ளைக் கடுதாசியைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சிலது நடக்கத் தொடங்கினால் அதுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சாடியின் மண்ணை பிளாஸ்டிக் பையால் கட்டி மூடி, குளியலறையில் வைத்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் செடியைக் குளிப்பாட்டினால் பெரும்பாலும் இது வராது.

சமையலுக்கு இலை வேண்டாமா என்று கேட்பீர்கள். ஓகஸ்ட்டிலேயே பறித்து, கழுவிக் காயவைத்து, காற்றில்லாமல் பையில் கட்டி உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். குளிர்காலத்தில் செடியை விட்டுவிடுங்கள். மல்லிகைக்கும் செவ்வரத்தைக்கும் இதே கவனிப்புத்தான், மல்லிகைக்கு இன்னும் கூடுதல் வெளிச்சம் வேண்டும். பெப்ரவரி கடைசியில் மூன்றிலொரு பங்கை வெட்டிவிட்டால் ஜூனில் புதுக் கிளையில் மொட்டு வைக்கும்.

முருங்கையும் அத்தியும்

யாழ்ப்பாணத்தில் வேலியோரம் குச்சியை நட்டாலே வளரும் முருங்கைக்கு இங்கே பெரிய சாடியும் பேஸ்மென்ட்டும் வேண்டும். இலை மஞ்சளாகி விழத் தொடங்கியதும் முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள், வெட்டிய கீரையைச் சமைத்துவிடுங்கள். பேஸ்மென்ட்டில் 10 முதல் 15 பாகை இருக்கும் மூலையில் வைத்து, மாதம் ஒருமுறை ஒரு கோப்பைத் தண்ணீர். அவ்வளவுதான். வெட்டிய நுனியில் தண்ணீர் பட்டால் அழுகும், கவனம். அத்தி இன்னும் சுலபம்: இலை கொட்டிய பிறகு சூடாக்காத கராஜில், வீட்டுச் சுவரோடு ஒட்டி வைத்தால் போதும்.

ஒக்டோபர்: பாத்திகளைச் சுத்தம் செய்வது

முதல் உறைபனிக்குப் பிறகு தக்காளியும் பாகலும் கறுத்துத் தொங்கும். எல்லாவற்றையும் ஒரே குவியலில் போடாதீர்கள். தக்காளியில் கீழ் இலையிலிருந்து கரும்புள்ளி ஏறி வந்திருந்தால் அந்த நோயின் பூஞ்சை செத்த இலைகளில் தங்கி அடுத்த ஆண்டு வரும். அந்தச் செடிகள் நகரசபை எடுத்துப்போகும் பெரிய கடுதாசிப் பைக்குள் போக வேண்டும். நகரசபையின் உரக்குவியல் நோயைக் கொல்லுமளவுக்குச் சூடேறும், நம் வீட்டுக் குவியல் ஏறாது. வெண்சாம்பல் பிடித்த பூசணி, சுரைக் கொடிகளும் அப்படியே. நோயில்லாத பயித்தங்காய், வெண்டிச் செடிகளைத் தரைமட்டத்தில் வெட்டி, வேரை மண்ணிலேயே விட்டுவிடுங்கள். வேர் உக்கி மண்ணைப் பொலபொலப்பாக்கும்.

பூச்செடிகளின் காய்ந்த தண்டுகளை இப்போது வெட்ட வேண்டாம். உள்ளீடற்ற தண்டுகளுக்குள் சிறு காட்டுத்தேனீக்கள் குளிர்காலத்தைக் கழிக்கும். அடுத்த கோடையில் உங்கள் பூசணிப்பூவுக்கு வரப்போவதும் அவைபோன்ற தேனீக்கள்தான்.

மேப்பிள் இலையைப் பைபையாகக் கட்டித் தெருவில் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. அது இலவசப் பசளை. புல்வெட்டும் இயந்திரத்தை இலைக்குவியலின் மேல் இரண்டு தரம் ஓட்டினால் துண்டுதுண்டாகும். முழு இலை நனைந்து பாய்போல ஒட்டிக்கொள்ளும், துண்டான இலை ஒட்டாது. பாத்திமேல் 5 சென்ரிமீற்றர் உரம், அதற்குமேல் ஒரு சாண் அளவுக்கு இந்த இலை. கொத்திப் புரட்ட வேண்டியதில்லை. மண்புழுக்கள் கீழே இழுத்துக்கொள்ளும், வசந்தத்தில் பாதி காணாமல் போயிருக்கும். மேப்பிள் இலையில் தார்ப்புள்ளி இருந்தால் பரவாயில்லை, அது காய்கறிக்குத் தொற்றாது. கறுப்பு வால்நட் மரத்தின் இலையை மட்டும் தவிருங்கள். அதிலுள்ள ஜுக்லோன் என்ற பொருள் தக்காளி, கத்தரி இனத்தை வாடவைக்கும்.

ஊரில் சாம்பல் போட்ட பழக்கத்தில் இங்கேயும் சிலர் அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும் போடுகிறார்கள். தெற்கு ஒன்ராறியோவின் நிலம் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லின் மேல் உருவானது, ஏற்கெனவே காரம். சேர்த்தால் இரும்புக் குறைதான் கூடும்.

உள்ளி நடுவது

குளிர்காலம் இருந்தால்தான் விளையும் ஒரு பயிரை நாம் விடலாமா? உள்ளி (பூண்டு) பல்லாகப் பிரிவதற்கு அதற்குக் குளிர் வேண்டும். வசந்தத்தில் நட்டால் பெரும்பாலும் பிரியாத ஒற்றை உருண்டையாக வரும்.

ஒக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முதல் வாரம்வரை நடலாம். கடையில் சமையலுக்கு விற்கும் இறக்குமதி உள்ளி வேண்டாம். உழவர் சந்தையில் ஒன்ராறியோவில் விளைந்த, நடுவில் கட்டையான தண்டுள்ள வகையை வாங்குங்கள். மியூசிக் என்ற வகை இங்கே பரவலாகக் கிடைக்கும், பல் ஒவ்வொன்றும் பெரிதாக இருக்கும். நடும் அன்று பல்லைப் பிரியுங்கள், தோலை உரிக்காதீர்கள். பெரிய பற்களை நட்டு, சிறியவற்றைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். நுனி மேலே பார்க்க, நுனிக்கு மேல் 5 சென்ரிமீற்றர் மண் இருக்கும்படி, 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஊன்றுங்கள். நட்டதும் வேர் ஓடும், முளை மேலே வந்தாலும் கவலையில்லை. மேலே ஒரு சாண் வைக்கோல் அல்லது துண்டாக்கிய இலை போட்டு, அணில் கிண்டாமல் கோழிக்கூட்டு வலையை விரித்துக் கல் வைத்துவிடுங்கள். உண்மையில் அணில் உள்ளியைத் தின்னாது, புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் கிண்டாமல் போகாது.

ஜூனில் சுருண்டு வரும் பூந்தண்டை வெட்டி வறை செய்யலாம். ஜூலை நடுவில் கீழ் இலைகள் மூன்றிலொரு பங்கு காய்ந்ததும் கிண்டி, நிழலில் தொங்கவிட வேண்டும். அந்த இடத்தில் ஓகஸ்ட் கடைசியில் வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் போடலாம்.

நவம்பர்: நிலம் இறுகுவதற்கு முன்

வெளிக் குழாயை வீட்டுக்குள் இருக்கும் வால்வில் மூடி, வெளியே திறந்துவிட்டுத் தண்ணீரை வடியவிடுங்கள். ஹோஸைக் கழற்றி, மழைநீர்ப் பீப்பாயைக் கவிழ்த்து வையுங்கள். ஹோஸ் மாட்டியபடியே இருந்தால் குழாய் உறைந்து சுவருக்குள் வெடிக்கும். மண் சாடிகளை உள்ளே எடுங்கள், ஈர மண்ணோடு வெளியே நின்றால் பிளந்துவிடும்.

பந்தலின் வலையையும் கயிற்றையும் இப்போதே அவிழ்த்துவிடுங்கள். காய்ந்த கொடியோடு வலை கிடந்தால் ஈரப்பனியின் பாரம் சட்டத்தையே வளைக்கும். நிலையான பந்தல் போட நினைப்பவர்கள் கவனிக்க: இங்கே நிலம் 1.2 மீற்றர் ஆழம்வரை உறையலாம் என்று கணக்கிட்டுத்தான் தூண் இறக்குவார்கள். ஒன்றரை அடியில் நட்ட தூணை உறைந்து விரியும் மண் வருடாவருடம் மேலே தள்ளும்.

ரோஜாவுக்கு மண் அணைப்பது நவம்பர் நடுவில், சில கடும் உறைபனிகளுக்குப் பிறகு. அடித்தண்டைச் சுற்றி ஒரு அடி உயரத்துக்கு வேறிடத்து மண்ணையோ உரத்தையோ குவியுங்கள். ரோஜாவின் அடியிலிருந்தே சுரண்டி எடுத்தால் வேர் வெளிப்படும். இளம் ஆப்பிள், பேரிக்காய் மரங்களின் அடியில் முயல் பட்டையைச் சுற்றிக் கடித்துவிட்டால் மரம் போச்சு. தண்டைச் சுற்றிக் கம்பி வலை கட்டுங்கள், பனி குவிந்தால் முயல் அதன்மேல் ஏறி நிற்கும் என்பதை நினைத்து உயரத்தைக் கூட்டுங்கள்.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை

வெளியே செய்ய அதிகமில்லை. பாத்திமேல் விழும் பனி நல்லது, அதன் கீழே மண்ணின் சூடு ஏறி இறங்காமல் இருக்கும். ஆனால் உப்புப் போட்ட வண்டிப்பாதைப் பனியை வாரிப் பாத்தியில் கொட்டாதீர்கள். செடியோரம் வழுக்கினால் மணல் போடுங்கள்.

இருக்கும் விதைகளை ஜனவரியில் எடுத்துப் பாருங்கள். வெங்காய விதை ஒரு வருடத்துக்கு மேல் நம்ப முடியாது. வெண்டியும் மிளகாயும் இரண்டு மூன்று வருடம், தக்காளி, கத்தரி, பாகல் நான்கு வருடம்வரை தாங்கும். சந்தேகமென்றால் பத்து விதையை ஈரக் கடுதாசியில் சுற்றி, பையில் போட்டு, சூடான இடத்தில் வையுங்கள். ஆறுக்குக் குறைவாக முளைத்தால் புது விதை வாங்குங்கள். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் கனடா முழுவதும் சீடி சற்றர்டே என்ற பெயரில் விதைப் பரிமாற்ற நாட்கள் நடக்கும். உங்கள் வீட்டுக் கத்தரி விதையோடு போங்கள்.

மார்ச், ஏப்ரல்: நாற்று

எல்லாக் கணக்கும் வெளியே நடும் நாளிலிருந்து பின்னோக்கி. ரொறன்ரோவில் விக்ரோரியா தின வார இறுதியைத்தான், அதாவது மே 25க்கு முந்தின திங்களை ஒட்டிய நாட்களைத்தான், மென்மையான செடிகளுக்கு நடும் நாளாக எல்லோரும் வைத்திருக்கிறார்கள்.

மிளகாயும் கத்தரியும் மெதுவாக வளர்பவை: பெப்ரவரி கடைசி அல்லது மார்ச் முதல் வாரம். தக்காளி மார்ச் கடைசி, அதற்கு முன் வேண்டாம். பாகல், புடலை, சுரை மூன்றும் ஏப்ரல் கடைசி வாரம். மார்ச்சிலேயே பாகலைப் போட்டு, ஏப்ரலில் ஜன்னல் திரையில் கொடி ஏறுவதைப் பார்த்து மகிழ்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கொடியை மே கடைசியில் அவிழ்த்து நடும்போது வேர் அறுந்து, இரண்டு வாரம் அசையாமல் நிற்கும். சரியான நேரத்தில் போட்ட மூன்றிலைக் கன்று அதை முந்திவிடும்.

பாகல், புடலை விதையின் ஓடு தடித்தது. நகவெட்டியால் கூர் முனைக்குப் பக்கவாட்டில் ஓட்டை மட்டும் இலேசாக உடைத்து, ஒரு இரவு ஊறவைத்து, உக்கக்கூடிய கடுதாசிச் சாடியில் போடுங்கள், அப்படியே நடலாம். மண்ணின் சூடு 28 பாகை அளவில் இருக்க வேண்டும். பேஸ்மென்ட் தரையில் வைத்தால் முளைக்காமல் அழுகும். சாடிக்குக் கீழே விரிக்கும் மின்சாரச் சூடுபாய் ஒன்று வாங்குங்கள், மிளகாய்க்கும் கத்தரிக்கும் அதுவே உதவும்.

முளைத்ததும் சூடுபாயிலிருந்து எடுத்து விளக்குக்குக் கீழே. விளக்கு நாற்றுக்கு 10 சென்ரிமீற்றர் மேலே, 14 முதல் 16 மணித்தியாலம். தண்டு வெளிறி நீண்டால் வெளிச்சம் போதவில்லை. நேற்று நின்ற நாற்று இன்று மண்மட்டத்தில் நூலாக மெலிந்து சாய்ந்து கிடந்தால் அது நாற்றழுகல். அதற்கு மருந்தில்லை, வராமல் பார்க்கத்தான் முடியும்: தோட்டத்து மண்ணைப் பாவிக்காமல் புது நாற்றுக் கலவை, பழைய சாடி என்றால் நன்றாகக் கழுவியது, மேலிருந்து ஊற்றாமல் தட்டில் தண்ணீர் விட்டு உறிஞ்சவைப்பது, மெல்லிய மின்விசிறிக் காற்று.

ஏப்ரல்: வெளியே

இந்தப் பக்கத்து மண் பல இடங்களில் களி. ஈரக்களியில் மிதித்தாலும் கொத்தினாலும் காய்ந்து கல்லாகும், அந்தக் கோடை முழுக்கச் சரிவராது. ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்து, பெருவிரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் தொடங்கலாம். உருண்டையாகவே நின்றால் ஒரு வாரம் பொறுங்கள்.

உதிர்ந்ததும் கொத்தமல்லி, வெந்தயக்கீரை, கடுகுக்கீரை, முள்ளங்கி, பட்டாணி, வெங்காயக்கன்று. இவை குளிரைத் தாங்கும், வெயில் ஏறியதும் பூத்துவிடும். ஜூனில் கொத்தமல்லி விதைத்துவிட்டு இலையில்லாமல் பூக்கிறதே என்று கவலைப்படுவதைவிட ஏப்ரலில் விதைத்து ஜூன் தொடக்கத்தில் அறுப்பது நல்லது. உள்ளிமேல் இருக்கும் இலைப்போர்வையில் மேலடுக்கை மட்டும் தளர்த்திவிடுங்கள். மஞ்சள் பூக்கும் ஃபோர்சித்தியா தெருவில் பூத்தால் ரோஜா வெட்டும் நேரம்: அணைத்த மண்ணை விலக்கி, உள்ளே வெள்ளையாகத் தெரியும்வரை கறுத்த கிளைகளை வெட்டுங்கள். தெருவோரப் பாத்தியில் உப்புப் பட்டிருக்கும் என்று நினைத்தால் மண் இளகியதும் தண்ணீரை நிறைய விட்டு இரண்டு மூன்று தரம் கழுவி இறக்குங்கள்.

மே: வெளியே பழக்குவது, நடுவது

உள்ளே வளர்ந்த நாற்று நேரடி வெயிலையும் காற்றையும் அறியாது. முதல் நாள் ஒரு மணித்தியாலம் நிழலில், பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் முழு வெயிலுக்கு. கறிவேப்பிலைக்கும் இதே படிதான், இரவு 10 பாகைக்குக் கீழே போகாத பிறகு. நேரே வெயிலில் வைத்தால் இலை வெளுத்து எரியும். வெளியே பழகி, புதுக் கொழுந்து ஓடத் தொடங்கியதும்தான் பெரிய சாடி, பசளை, மோர் எல்லாம்.

நடும் திகதியை நாட்காட்டி மட்டும் சொல்லக்கூடாது. அடுத்த பத்து நாள் இரவு வெப்பநிலையைப் பாருங்கள். தக்காளிக்கு 10 பாகை போதும். கத்தரி, மிளகாய், பாகல், புடலைக்கு 13க்கு மேல் வேண்டும், சில ஆண்டு அது ஜூன் முதல் வாரம்தான் வரும். குளிர்ந்த மண்ணில் நட்ட பாகல் மஞ்சளாகிக் குறண்டி நிற்கும், பிறகு சூடு வந்தாலும் எளிதில் எழும்பாது.

நட்ட பிறகு, மேகமில்லாமல் காற்றும் அடங்கிய ஒரு இரவில் வெப்பநிலை 2 பாகை என்று அறிவித்தால் உறைபனி வரலாம். பொழுது படுவதற்கு முன் பழைய பருத்திச் சேலையையோ படுக்கைவிரிப்பையோ குச்சிகளின் மேல் போட்டு, ஓரம் தரையைத் தொடும்படி மூடிக் கல் வையுங்கள். செடியைக் காப்பது மண்ணிலிருந்து எழும் சூடு, அது வெளியே போகக்கூடாது. பிளாஸ்டிக்கால் மூடினால் அது தொடும் இலை கருகும். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

வெண்டியும் பயித்தங்காயும் முளைக்கீரையும் கடைசி. 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் மண் காலையிலேயே 18 பாகை காட்டினால் நேரே விதைக்கலாம், பெரும்பாலும் ஜூன் முதல் பத்து நாளுக்குள். பயித்தங்காய்க்கு ஒரு குழியில் இரண்டு விதை, 3 சென்ரிமீற்றர் ஆழம், குழிக்குக் குழி ஒரு சாண். கொடி வருவதற்கு முன்பே கயிற்றைக் கட்டிவிடுங்கள், பத்தாம் நாளிலிருந்து அது பிடிமானம் தேடத் தொடங்கும்.